பானெட்டுக்குள் எந்தப் பைப்? வாசகர் கேள்வி–பதில்

கார் எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துவரும் குழாயை வீட்டிலேயே செய்வது பற்றி சேலம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில்களில் ‘முன்குழாய்’ என்றால் காற்று நுழையும் வாயிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டி வரை. ‘பின்குழாய்’ என்றால் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) அல்லது டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) வரை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். முன்குழாய்க்குத் தப்பான பைப் போட்டால் பைப் போகும், பின்குழாய்க்குப் போட்டால் எஞ்சின் போகும்.

என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 63 மி.மீ. பிவிசி பைப்பில் குழாய் செய்யலாம் என்றிருக்கிறேன். ‘ஏற்காடு ஒரு தடவை ஏறினால் உருகிவிடும்’ என்கிறார் மெக்கானிக். உண்மையா?
— வாசகர், கோரிமேடு

உருகாது, குழையும். கிணற்றுமேட்டில் தென்னை ஓலையைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் பிவிசி பைப்பின் வாயை அகட்டி இன்னொரு பைப்பைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழைவு 80 டிகிரியை நெருங்கும்போதே தொடங்கிவிடும். பிவிசி பைப்பை 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்திருப்பது நல்லதல்ல. பைப்பில் அச்சிட்டிருக்கும் 4 கிலோ, 6 கிலோ கணக்கு, சாதாரணத் தண்ணீர்ச் சூட்டில் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கானது. சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் பானெட்டுக்குள் எவ்வளவு சூடு? சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், நெடுஞ்சாலையில் ஓடும்போது ரேடியேட்டருக்குப் பின்னால் 55, 60 சாதாரணம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம், முன்னாலிருந்து வரும் காற்று குறைவு. 70 டிகிரியைத் தாண்டுவது சகஜம். ஆனால் உச்சச் சூடு ஓடும்போது வராது. மேலே போய் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு, முதல் பத்து பதினைந்து நிமிடத்தில்தான் வரும். மின்விசிறி நின்றுவிட்டது, எஞ்சின் புகை வெளியேறும் சைலன்சர் மேனிபோல்டு மட்டும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கிறது. பைப் கோணுவது அந்த நேரத்தில்தான். உங்கள் மெக்கானிக் பார்த்த ‘உருகல்’ இதுவாகவே இருக்கும்: கிளாம்ப் இறுக்கிய இடத்தில் பைப் முட்டை வடிவமாக நசுங்கி, ஆறியதும் அப்படியே விறைத்து, சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி விட்டிருக்கும்.

ஆகவே முன்குழாய்க்கு பிவிசி தாராளமாகப் போதும். அது கிரில்லுக்குப் பின்னால், எஞ்சினுக்குத் தள்ளி, குளிர்ந்த காற்று ஓடும் இடத்தில் இருக்கிறது. கோணினாலும் காற்று ஃபில்டரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். சைலன்சர் மேனிபோல்டிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்குழாய்க்கு பிவிசி வேண்டாம்.

பாலேட்டு நிற சிபிவிசி இன்னும் கொஞ்சம் தாங்கும், சுமார் 90 டிகிரி வரை. ஆனால் சுவர் தடிமன் அதிகம். 2 அங்குல சிபிவிசி பைப்பின் உள்விட்டம் 45 மி.மீ. அளவுக்குத்தான் தேறும். ஒரு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு அது மூக்கடைப்பு.

செய்முறை: பைப்பை நேராக வெட்ட, ஒரு நாளிதழ்த் தாளை நீளவாக்கில் மடித்து பைப்பைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்தால் அந்த விளிம்புதான் வெட்டுக்கோடு. ஹேக்சாவால் அறுத்த பிறகு உள்விளிம்பில் தொங்கும் பிசிறைக் கத்தியால் சீவி, 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கவும். 90 டிகிரி எல்போ வாங்காதீர்கள், அதன் உள்மூலை கூர்மையானது. கடைக்காரரிடம் ‘பெண்டு’ என்று கேட்டால் நீண்ட வளைவு தருவார். அது கிடைக்காவிட்டால் இரண்டு 45 டிகிரி எல்போக்களை நடுவில் ஒரு சிறு துண்டு வைத்துச் சேருங்கள்.

ஹோஸ் வழுக்காமல் இருக்க பைப் முனையில் ஒரு வரம்பு வேண்டும். 63 மி.மீ. கப்ளரிலிருந்து 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, பைப் முனையில் சால்வென்ட் போட்டு ஒட்டி, உயரம் ஒன்றரை மி.மீ. ஆகும்வரை தேய்த்துவிடுங்கள். கிளாம்ப் அந்த வரம்புக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். ஒட்டியதை 24 மணி நேரம் காற்றாட விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு இழுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை பைப்பை வண்டியில் மாட்டக்கூடாது.

அளவு வாங்கும்போது ஒரு சூட்சுமம்: பிவிசியில் 63 என்பது வெளிவிட்டம். ரெண்டரை அங்குல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் என்பதும் வெளிவிட்டம்தான், 63.5 மி.மீ. சிலிகான் ஹோஸில் எழுதியிருப்பது உள்விட்டம். எனவே 63 மி.மீ. சிலிகான் ஹோஸ் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

எஸ்எஸ் பைப்பா, அலுமினியமா? ‘எந்த உலோகமானாலும் சூட்டை இழுத்துக் காற்றைக் கொதிக்க வைத்துவிடும், பிளாஸ்டிக்தான் சரி’ என்று நண்பர் சொல்கிறார்.
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

நண்பர் சொல்வதில் பாதி சரி. அலுமினியம் எஸ்எஸ்ஸைவிடப் பன்னிரண்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு. ஆனால் ஒன்றரை மி.மீ. சுவரைக் கடப்பது சூட்டுக்குப் பெரிய வேலையே இல்லை. சுவருக்கு உள்ளும் வெளியும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்தைக் கடப்பதுதான் கஷ்டம். அந்தப் படலம் எல்லாப் பைப்புக்கும் ஒன்றுதான். அதனால் கடத்துதிறனில் இருக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் காற்றின் சூட்டில் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் நொடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் காற்றை இழுக்கும். ரெண்டரை அங்குலக் குழாயில் அது நொடிக்கு 16 மீட்டர் வேகம். 60 செ.மீ. நீளக் குழாயைக் காற்று கடக்க நொடியில் நூற்றில் நான்கு பங்குகூட ஆகாது. பைப் காற்றைவிட 25 டிகிரி சூடாக இருந்தாலும் உள்ளே போகும் காற்றில் இரண்டு மூன்று டிகிரிதான் ஏறும். ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது கதை வேறு: ஐடிலில் அதே காற்று முக்கால் நொடி குழாய்க்குள் தங்குகிறது, பல டிகிரி ஏறும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது பவர் யாருக்கு வேண்டும்? பச்சை விழுந்து சில நொடிகளில் சூடான காற்று வெளியேறிவிடும்.

எனவே உலோகத்தைச் சூட்டை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எடையையும் வேலைப்பாட்டையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ரெண்டரை அங்குலம், ஒன்றரை மி.மீ. சுவர் என்றால் எஸ்எஸ் ஒரு மீட்டர் 2.3 கிலோ, அலுமினியம் 800 கிராம். எஸ்எஸ் எங்கள் ஊர்ச் சரக்கு, இரும்பாலை இருக்கும் ஊரில் 304 தரத்துக்குப் பஞ்சமில்லை. கைப்பிடிக் கிராதி செய்யும் பட்டறையில் துண்டுப் பைப்பும் கிடைக்கும், ஆர்கான் வெல்டிங்கும் கிடைக்கும். அலுமினியத்தை வெல்டு செய்யத் தெரிந்த கை குறைவு. சரியாக ஊதாவிட்டால் உள்ளே பொரிப்பொரியாக நிற்கும். எதுவானாலும் வெல்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உள்ளே உருண்டை ஒட்டியிருந்தால் என்றாவது ஒரு நாள் அது கழன்று சிலிண்டருக்குள் போகும். கறுப்பு இரும்புப் பைப், ஜிஐ பைப் இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று உள்ளே துரு உதிர்க்கும், மற்றதை வெல்டு செய்தால் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை வெல்டருக்கும் கெடுதல், எரிந்த இடத்தில் துருவும் பிடிக்கும்.

எஸ்எஸ் பைப்பை த்ராட்டில் பாடியில் நேராகத் தொங்கவிடக் கூடாது. எஞ்சின் அசையும், பாடி அசையாது. நடுவில் 75 மி.மீ. நீளமாவது சிலிகான் ஹோஸ் வேண்டும். பைப்பின் எடையை ரப்பர் புஷ் வைத்த ஒரு பிராக்கெட் தாங்க வேண்டும்.

எங்கள் முதல் தேர்வு இரண்டுமில்லை. காயலான் கடைக்குப் போய் வேறொரு காரின் ஒரிஜினல் காற்றுக் குழாயைத் தேடுங்கள். அதன் முதுகில் பிபி (PP) அல்லது பிஏ (PA) என்று எழுத்து பொறித்திருக்கும். முதலாவது பாலிபுரொப்பிலீன், இரண்டாவது நைலான். ஜிஎஃப் (GF) என்றும் 30 என்றும் சேர்ந்திருந்தால் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்தது. பானெட்டுக்குள் இருப்பதற்கென்றே பிறந்த சரக்கு. அளவு பொருந்தாத முனையை மட்டும் அறுத்து, சிலிகான் ரெடியூசர் போட்டால் போதும்.

சமையலறை சிம்னிக்குப் போடும் அலுமினிய மடிப்புக் குழாய் எளிதாக வளைகிறதே, அது ஆகாதா?
— வாசகர், அம்மாபேட்டை

முன்குழாயில் ஒரு மழைக்காலம் ஓடும். அதற்குள் அதிர்விலேயே மடிப்புகளில் கிழிசல் விழும். பின்குழாயில் போட்டால் அந்தத் தகடு துணுக்குகள் நேராக எஞ்சினுக்குள். வேக்குவம் கிளீனர் ஹோஸுக்கும் இதே பதில். அதோடு, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் எந்தக் குழாயும் அதே விட்டமுள்ள வழவழப்பான குழாயைவிடக் காற்றுக்கு அதிகத் தடை. வளைந்தே ஆகவேண்டும் என்றால் உள்பக்கம் வழவழப்பாக, சுவருக்குள் கம்பிச் சுருள் வைத்த ரப்பர் ஹோஸ் கேளுங்கள்.

குழாய் மாட்டி ஒரு வாரம் ஆகிறது. ஐடில் ஏறி இறங்குகிறது, எஞ்சின் லைட்டும் எரிகிறது. பைப் பொருள் தவறா?
— வாசகர், சூரமங்கலம்

பொருள் மேல் பழியில்லை. ஃபில்டர் பெட்டியை ஒட்டியே, பின்குழாயில் வயர் செருகிய ஒரு சென்சார் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் வண்டி காற்றை எடை போட்டுப் பெட்ரோல் ஊற்றும் வகை. அந்த சென்சார், தான் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. அதை அகலமான குழாய்க்கு மாற்றினீர்களோ, அதே அளவு காற்று மெதுவாகக் கடக்கும். சென்சார் குறைவாகச் சொல்லும், பெட்ரோல் போதாமல் போகும். சென்சாரை அதன் ஒரிஜினல் உறையோடு அப்படியே வையுங்கள். உறைக்கு முன்னால் ஒரு சாண் நேர்க்குழாய் இருக்கட்டும். வளைந்த உடனேயே சென்சார் வந்தால், சுழலும் காற்றில் அதன் கணக்கு தடுமாறும்.

அப்படி சென்சார் இல்லாமல், த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிபோல்டின் மேல் சின்ன சென்சார் மட்டும் இருந்தால் அது அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வகை. குழாய் விட்டம் மாறினாலும் கோபித்துக்கொள்ளாது. பிறகு ஏன் தடுமாற்றம்? எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் பழைய பின்குழாயில் சேர்ந்திருக்குமே, பிரீதர் ஹோஸ், அதை என்ன செய்தீர்கள்? பலர் அதன் முனையைத் துணி வைத்து அடைத்துவிடுகிறார்கள், அல்லது ஒரு சின்ன ஃபில்டர் மாட்டிக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும். காற்றில் விட்டால் பானெட்டுக்குள் ஆயில் புகை படியும். புதுக் குழாயில் அதே அளவு நிப்பிள் வைத்து, சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே சேர்க்க வேண்டும். இந்த ஆயில் ஆவி சாதாரண சிலிகான் ஹோஸை நாளடைவில் ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் போடுங்கள்.

கசிவு தேட ஊதுபத்தி போதும். பெட்ரோல் வாடை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, திறந்த வெளியில், ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு கிளாம்ப் ஓரமாகவும் புகையைக் காட்டுங்கள். புகை நேராக மேலே போனால் நல்லது. இணைப்பை நோக்கி வளைந்து காணாமல் போனால் அங்கே ஓட்டை. இணைப்புகளில் வீட்டு சிலிகான் பேஸ்ட் பூசியிருந்தால் எடுத்துவிடுங்கள். புளிப்பு வாடை வரும் அந்த வகை காயும்போது விடும் ஆவி சைலன்சரிலிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

வண்டி ஓடும் இடத்தையும் யோசியுங்கள். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் மாக்னசைட் துகளும், சாலை வேலை நடக்கும் இடங்களில் கருங்கல் பொடியும் பறக்கின்றன. பின்குழாயில் ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் அந்தப் பொடி ஃபில்டரைப் பார்க்காமலேயே உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். மாதம் ஒரு தடவை த்ராட்டிலுக்கு முன் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். விரலில் மாவு மாதிரிப் பொடி ஒட்டினால், கசிவைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

எஸ்டேட் வேலைக்கு டர்போ டீசல் ஜீப் வைத்திருக்கிறோம். மலையில் இழுவை குறைவு. குளிர்காற்றுக் குழாய் போட்டால் சரியாகுமா?
— வாசகர், ஏற்காடு

சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். மேலே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைவு. அங்கே எட்டு, பத்து டிகிரி குளிர்ச்சி இருப்பதால் அதில் 3 சதவீதம் திரும்பி வருகிறது. மீதி 11 சதவீதத்தை எந்தக் குழாயாலும் கொண்டுவர முடியாது. டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டும். இழுவை குறைவு என்றால் முதலில் ஃபில்டர், அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ஹோஸில் கசிவு, இவற்றைப் பாருங்கள். ஹோஸ் ஓரமாக எண்ணெய்க் கறை தெரிந்தால் அங்கேதான் காற்றும் போகிறது.

டர்போவுக்குப் பிறகு வரும் பகுதியில் பிவிசி, ஏபிஎஸ் பிளாஸ்டிக், வீட்டு ரப்பர் எதுவும் கூடாது. அங்கே காற்று 100 டிகிரியைத் தாண்டும், ஒரு பாருக்கு மேல் அழுத்தமும் உண்டு. நான்கு அடுக்குத் துணி வைத்த சிலிகான் ஹோஸும் போல்ட் வைத்த கிளாம்பும்தான் வேண்டும். டர்போவுக்கு முன்பக்கம் எதிர் சிக்கல்: எஞ்சின் உறிஞ்சும்போது மெலிந்த ஹோஸ் ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் மட்டும் மூச்சுத் திணறும். அந்த இடத்திலும் கம்பிச் சுருள் ஹோஸ்தான். உள்ளே கிடக்கும் ஒரு நெல்மணி அளவு பிளாஸ்டிக் பிசிறு டர்போ இறக்கையை முறிக்கப் போதும்.

பனிமூட்ட நாட்களில் குழாயின் வாய் முன்பார்த்து இருந்தால் ஈரம் பேப்பர் ஃபில்டரில் படிந்து தடை கூடும். வாயைப் பக்கவாட்டில் திருப்பி, குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். முன்குழாயில் மட்டும்.

இதனால் உண்மையில் எவ்வளவு லாபம்? ஆர்டிஓ பிரச்சினை வருமா?
— வாசகர், கொண்டலாம்பட்டி

செய்வதற்கு முன் அளந்து பாருங்கள். 2013-க்குப் பிந்தைய கார் என்றால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி அடாப்டர் செருகி, உள்ளே போகும் காற்றின் சூட்டைப் போனில் படிக்கலாம். பைபாஸில் 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது வெளிச்சூட்டைவிட ஐந்தாறு டிகிரிதான் அதிகம் என்றால், கம்பெனிக் குழாயே ஏற்கெனவே வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. புதுக் குழாய் உங்களுக்குச் சத்தத்தை மட்டும் தரும். இருபத்தைந்து டிகிரி அதிகம் என்றால் 7 சதவீதம் காற்று குறைகிறது, செய்வதில் அர்த்தம் இருக்கிறது. பெட்டியை எறிந்துவிட்டு எஞ்சின் பக்கத்தில் கூம்பு ஃபில்டரைத் திறந்து வைப்பவர்கள் பானெட்டுச் சூட்டையே இழுக்கிறார்கள். அதற்குப் பெயர் குளிர்காற்றுக் குழாய் அல்ல.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வாகனத்தின் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியின் பின்குழாயைத் தொடாதீர்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பரணில் பத்திரமாக வையுங்கள்.

குளிர்ந்த காற்றுக்காக வாயை பம்பருக்குக் கீழே இறக்கினேன். மழை வந்தால் ஆபத்து என்கிறார்களே?
— வாசகர், அழகாபுரம்

ஆமாம், ஆபத்துதான். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், அழுத்த விகிதம் 10 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று தடவை ஊற்றும் அளவு. அவ்வளவு தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். வாய் ஹெட்லைட் மட்டத்துக்குக் கீழே வரவேண்டாம். ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லின் மேல் ஓரத்தில் வைத்தால் காற்று அதே குளிர்ச்சிதான், ரோட்டுச் சூட்டுக்கும் தள்ளி.

தரைப்பாலத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியை மறுபடி திருப்பாதீர்கள். தள்ளி மேட்டுக்கு ஏற்றி, ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் இழுவை வண்டிதான். பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர், காயில் வயர்களை உருவிவிட்டு, எஞ்சினை முதலில் கையால் சுற்றிப் பார்த்து, அது தடையில்லாமல் சுழன்றால் மட்டும் ஸ்டார்ட்டரைத் தொடச் சொல்லுங்கள்.